ஸ்கூட்டர் ஓசூருடையது, கன்ட்ரோலர் யாருடையது?

மின்சார ஸ்கூட்டரின் மேல்மூடிகளைக் கழற்றினால் பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவே ஓர் அலுமினியப் பெட்டி தென்படும். சின்ன டிபன் பாக்ஸ் அளவு. வெப்பம் வெளியேற முதுகில் வரிவரியாகத் தகடுகள், உள்ளே ஒரு சர்க்யூட் போர்டு, அதிலிருந்து மோட்டாருக்குப் போகும் தடித்த மூன்று கேபிள்கள். ஷோரூமுக்குப் போகிறவர்கள் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று கேட்கிறார்கள், பேட்டரிக்கு எத்தனை வருட வாரன்டி என்று கேட்கிறார்கள், திரையில் மேப் தெரியுமா என்றுகூடக் கேட்கிறார்கள். இந்தப் பெட்டியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. மெக்கானிக்குகள் இதைக் கன்ட்ரோலர் என்கிறார்கள். கல்லூரி லேபில் இதற்கு மோட்டார் இன்வெர்ட்டர் என்று பெயர்.

பேட்டரி கொடுப்பது டி.சி. மோட்டார் கேட்பது மும்முனை மின்சாரம். தோட்டத்து பம்ப்செட்டுக்காக ராத்திரி கண்விழித்துக் காத்திருந்த விவசாயிக்கு நன்றாகத் தெரிந்த அதே மும்முனைதான். ஒன்றை மற்றொன்றாக்குவது அந்தப் பெட்டியின் வேலை. உள்ளே ஆறு மின்னணு சுவிட்சுகள், மேலே மூன்று, கீழே மூன்று. ஒவ்வொன்றும் நொடிக்குப் பத்தாயிரம் முறை, சில வண்டிகளில் அதற்கும் மேலே, திறந்து மூடுகிறது. எந்த சுவிட்ச் எந்தக் கணத்தில் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை ஒரு சிப் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறது. ஆக்ஸிலேட்டரைத் திருகினால் வண்டி குலுங்காமல் கிளம்புவதும், பிரேக் பிடித்தால் கொஞ்சம் சார்ஜ் திரும்பி ஏறுவதும் இந்த ஆறு சுவிட்சுகளின் ஒழுங்கில் இருக்கின்றன. மின்வெட்டுக் காலத்தில் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு வந்து சேர்ந்த இன்வெர்ட்டரின் நெருங்கிய உறவு இது. அங்கே மின்விசிறி ஓடினால் போதும். இங்கே இருவரைச் சுமந்து மேம்பாலம் ஏற வேண்டும்.

இந்தப் பெட்டியை வடிவமைக்கக் கற்றுத்தரும் மேற்படிப்புக்குப் பெயர் பவர் எலக்ட்ரானிக்ஸ் அண்ட் டிரைவ்ஸ். இரண்டு வருடம், நான்கு செமஸ்டர், எம்.இ. அல்லது எம்.டெக். பட்டம். இந்தியாவில் மின்சார இருசக்கர வாகனம் வேறெங்கும் இல்லாத அளவுக்குக் குவிந்து உற்பத்தியாவது கிருஷ்ணகிரி மாவட்டத்தில். ஆனால் அந்த மாவட்டத்துப் பிள்ளைகளில் பலர் இந்தப் படிப்பைத் தேடி எல்லை தாண்டியோ, சென்னைக்கோ, திருச்சிக்கோ, கோவைக்கோ பெட்டி கட்டுகிறார்கள். ஆலைகள் வளர்ந்த வேகத்தில் மேற்படிப்பு இங்கே வளரவில்லை. வளர்ந்தே ஆக வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

மொபெட்டிலிருந்து மின்கலம் வரை

ஓசூர் திடீரென்று முளைத்த ஊர் இல்லை. 1971-ல் சிப்காட் தொடங்கப்பட்டபோது அதன் கண்ணில் பட்ட முதல் சில ஊர்களில் ஓசூரும் ஒன்று. பின்தங்கிய பகுதி என்பதால் சலுகை உண்டு, கூப்பிடு தூரத்தில் பெங்களூர், சென்னையைவிடக் குளிர்ந்த காற்று. அசோக் லேலண்ட் 1980-ல் இங்கே லாரி ஆலை போட்டது. அதே 1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வெளியே வந்தது. பால்காரரும் வாத்தியாரும் தபால்காரரும் ஓட்டிய அந்த மொபெட் ஒரு தலைமுறையையே சைக்கிளிலிருந்து இறக்கி எஞ்சினில் ஏற்றியது. எண்பதுகளில் டைட்டன் கடிகார ஆலை வந்தது. நுணுக்கமான சின்னப் பாகங்களைக் கையாளும் பழக்கம் இந்த ஊருக்கு அப்போதே வந்துவிட்டது. ஃபிட்டர், டர்னர், டூல் அண்ட் டை மேக்கர் என்று சொல்லிக்கொள்ளும் அப்பாக்கள் ஓசூரில் ஏராளம். அவர்களின் பிள்ளைகள்தான் இன்றைய பொறியியல் மாணவர்கள்.

இரண்டாவது அலை மின்சாரத்தோடு வந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் 2013-ல் தொடங்கிய ஏதர் எனர்ஜி, முதல் ஸ்கூட்டரை 2018-ல் பெங்களூரில் விற்றது. 2021 தொடக்கத்தில் ஆலையை ஓசூருக்குக் கொண்டுவந்தது. டி.வி.எஸ். தன் ஐக்யூப் மின் ஸ்கூட்டரை 2020 ஜனவரியில் அறிமுகம் செய்தது. அதே வருடம் டிசம்பரில் ஓலா எலக்ட்ரிக் தமிழக அரசோடு 2,400 கோடி ரூபாய் ஒப்பந்தம் போட்டு, போச்சம்பள்ளி பக்கம் 500 ஏக்கரில் ஆலை எழுப்பியது. பிறகு பேட்டரி செல் தயாரிக்கவும் அதே மாவட்டத்தில் ஆலை கட்டியது. சிம்பிள் எனர்ஜி 2023-ல் சூளகிரியில் ஆலை திறந்தது. 2023-ல் இந்தியாவில் விற்ற மின்சார இருசக்கர வாகனங்களில் பாதிக்கும் மேல் தமிழ்நாட்டில் செய்தவை. அவற்றில் பெரும்பங்கு ஓசூருக்கும் போச்சம்பள்ளிக்கும் இடையிலான இந்தப் பட்டையிலிருந்து போனவை.

ஆனால் இந்த நிறுவனங்களின் தலைமையகங்கள் எங்கே? ஏதர், ஓலா, சிம்பிள் மூன்றும் பெங்களூர். கிருஷ்ணகிரியில் ஆலை வைத்திருக்கும் தைவானின் டெல்டா எலக்ட்ரானிக்ஸ், பவர் எலக்ட்ரானிக்ஸையே தொழிலாகக் கொண்ட நிறுவனம். அதன் ஆராய்ச்சிக் கூடமும் பெங்களூரில். டி.வி.எஸ். மட்டும் தன் ஆராய்ச்சிப் பிரிவை ஓசூரிலேயே வைத்து வளர்த்திருக்கிறது. அதை இந்த ஊர் நன்றியோடு நினைக்க வேண்டும். மற்றபடி, பெட்டியைப் பொருத்துவது மாநில எல்லையிலுள்ள அத்திப்பள்ளிக்கு இந்தப் பக்கம், பெட்டிக்குள் என்ன இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது அந்தப் பக்கம்.

இதில் கர்நாடகத்தின் மேல் கோபப்பட ஒன்றும் இல்லை. பெங்களூர் அதற்கான விதையை ஐம்பது வருடத்துக்கு முன்பே போட்டுவிட்டது. இந்திய அறிவியல் கழகத்தில் 1974-ல் மின்னணு வடிவமைப்புக்கென்றே ஒரு மையம் தொடங்கினார்கள். சி.ஈ.டி.டி. என்று அன்று அறியப்பட்ட அந்த மையம் இன்று மின்னணு அமைப்புகள் பொறியியல் துறை. மோட்டாரை இன்வெர்ட்டரால் ஓட்டும் கலையில் உலகம் மேற்கோள் காட்டும் ஆய்வுகள் அந்த வளாகத்திலிருந்து வந்திருக்கின்றன. அங்கே பாடம் நடத்திய பேராசிரியர் உமானந்தின் என்.பி.டி.இ.எல். இணைய வகுப்புகளைப் பார்க்காத பவர் எலக்ட்ரானிக்ஸ் மாணவரைத் தமிழ்நாட்டில் தேடித்தான் பிடிக்க வேண்டும். படித்தவர்கள் வெளியே வந்தார்கள், கம்பெனி தொடங்கினார்கள், அடுத்த தலைமுறைக்கு வேலை கொடுத்தார்கள். ஓசூருக்கும் அந்த வளாகத்துக்கும் ஐம்பது கிலோமீட்டர்கூட முழுசாக இருக்காது.

இரண்டு சென்டிமீட்டர் செம்பு

எம்.இ. அளவுக்குப் படித்தால்தான் அந்தப் பெட்டியைச் செய்ய முடியுமா? பி.இ. போதாதா? இந்தக் கேள்வியைப் பெற்றோர்களும் கேட்கிறார்கள், ஆலை மனிதவளத் துறையினரும் கேட்கிறார்கள். பதிலுக்கு ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

நம் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 48 வோல்ட்டை ஒட்டிய பேட்டரியில் ஓடுகின்றன. கார்கள் 400 வோல்ட், புதியவை 800 வோல்ட். வோல்டேஜ் குறைவாக இருந்தால் அதே சக்திக்குக் கரண்ட் அதிகம் வேண்டும். 6 கிலோவாட் மோட்டாருக்கு 48 வோல்ட்டில் 125 ஆம்பியர். அதே சக்திக்கு 400 வோல்ட்டில் 15 ஆம்பியர். இந்தக் கரண்ட் மாஸ்ஃபெட் என்கிற சுவிட்ச் வழியாகப் போகிறது. முழுதாகத் திறந்த நிலையிலும் அதற்குள் ஒரு மில்லி ஓம் மின்தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். 150 ஆம்பியர் பாய்ந்தால் 22.5 வாட் வெப்பமாகிறது. மேடு ஏறும்போது கரண்ட் இரட்டித்து 300 ஆனால் வெப்பம் நான்கு மடங்காகி 90 வாட் ஆகிறது. விரல் நகம் அளவுள்ள ஒரு சில்லில் 90 வாட்! அதனால்தான் ஒரே வேலைக்குப் பல மாஸ்ஃபெட்டுகளை அடுத்தடுத்து வைத்துச் சுமையைப் பங்கு போடுகிறார்கள். பங்கு சமமாகப் பிரிகிறதா என்பது அடுத்த தலைவலி.

இன்னொரு கணக்கு. சுவிட்ச் அணையும்போது 150 ஆம்பியர் கரண்ட் 50 நானோ நொடியில் நின்றுவிடுகிறது. வழியில் உள்ள செம்புப் பாதைக்குக் கொஞ்சம் இண்டக்டன்ஸ் உண்டு. ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குச் சுமார் 10 நானோ ஹென்றி. போர்டில் பாதையை இரண்டு சென்டிமீட்டர் கூடுதலாக இழுத்துவிட்டால் 20 நானோ ஹென்றி. கணக்குப் போட்டால், கரண்ட் நிற்கும் அந்தக் கணத்தில் 60 வோல்ட் கூடுதலாகத் துள்ளும். முழு சார்ஜில் 58 வோல்ட் உள்ள பேட்டரியோடு அது சேரும்போது 118 வோல்ட். மாஸ்ஃபெட் தாங்குவதோ 100 வோல்ட். ஷோரூமில் பளபளக்கும் வண்டி நடுரோட்டில் நிற்பதற்கு இரண்டு சென்டிமீட்டர் செம்பு போதும்.

இதைக் கண்டுபிடிக்கும் சோதனைக்கு டபுள் பல்ஸ் டெஸ்ட் என்று பெயர். லேப் மேசையில் ஒரு சுருள், ஒரு கெபாசிட்டர் வரிசை, சோதிக்க வேண்டிய சுவிட்ச். முதல் பல்ஸ் சுருளில் கரண்ட்டை ஏற்றும். வேண்டிய அளவு ஏறியதும் சுவிட்சை அணைக்கிறார்கள். சில மைக்ரோ நொடி கழித்து இரண்டாவது பல்ஸ். சுவிட்ச் அணைந்ததும் மறுபடி திறந்ததும் ஆசிலோஸ்கோப் திரையில் இரண்டு கோடுகளாக உறைந்து நிற்கும். அனுபவமுள்ள கைடு மாணவரிடம் முதலில் சொல்வது, புரோபில் தொங்கும் கறுப்பு கிரவுண்ட் வயரைக் கழற்றிவிட்டு நுனியில் சின்ன ஸ்பிரிங்கை மாட்டு என்பதுதான். அந்த நீள வயரே ஆன்டெனாவாகி, சர்க்யூட்டில் இல்லாத துள்ளலைத் திரையில் காட்டிவிடும். மேல் சுவிட்சும் கீழ் சுவிட்சும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் பேட்டரி நேரடியாக ஷார்ட் ஆகும். அதைத் தடுக்க இரண்டுக்கும் நடுவில் ஒரு மைக்ரோ நொடியை ஒட்டிய இடைவெளி விடுகிறார்கள். குறைத்தால் வெடிக்கும், கூட்டினால் மோட்டார் மெல்ல ஓடும்போது உதறும். எவ்வளவு விடுவது? புத்தகம் ஒரு சூத்திரம் தரும். சரியான எண்ணை அந்தத் திரையும் கையும்தான் தரும்.

பி.இ.யில் இந்தப் பாடத்துக்கு ஒரு செமஸ்டரும் ஒரு லேபும் கிடைக்கும். சர்க்யூட் வரையவும், பெயர் சொல்லவும், பரீட்சை எழுதவும் அது போதும். போர்டில் செம்புப் பாதையை எங்கே சுருக்குவது என்று தெரிய, சில போர்டுகளைக் கருக்கியாக வேண்டும். அதற்கு நேரமும் கருவியும் பக்கத்தில் நிற்கும் ஆசிரியரும் வேண்டும். இரண்டு வருட மேற்படிப்பின் பொருளே அதுதான்.

மதராஸில் பிறந்தவர்

பவர் எலக்ட்ரானிக்ஸின் உலக வரலாற்றில் ஓசூர் வழியே போகும் இந்தச் சென்னை-பெங்களூர் சாலைக்கு ஓர் உரிமை உண்டு என்பதைப் பல மாணவர்களே அறியாமல் இருக்கிறார்கள். மின்ரயிலிலும், கார்களின் இன்வெர்ட்டரிலும், ஏ.சி.யிலும், இண்டக்‌ஷன் அடுப்பிலும் உட்கார்ந்திருக்கும் ஐ.ஜி.பி.டி. என்ற சுவிட்சை உருவாக்கியவர் ஜெயந்த் பாலிகா. 1948-ல் மதராஸில் பிறந்தார். வளர்ந்தது பெங்களூரின் ஜாலஹள்ளியில். அப்பா அங்கே பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொது மேலாளர். பள்ளிப்படிப்பு பெங்களூரில். பொறியியல் சென்னை ஐ.ஐ.டி.யில், 1969-ல் பட்டம். பிறகு அமெரிக்கா போனார், ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் எண்பதுகளின் தொடக்கத்தில் ஐ.ஜி.பி.டி.யை உருவாக்கினார். 2024-ல் ஃபின்லாந்தின் மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசு அவருக்குக் கிடைத்தது.

சிலிக்கானைவிட நல்ல பொருள் எது என்று அளக்க அவர் எண்பதுகளிலேயே ஒரு அளவுகோலும் வகுத்தார். அந்த அளவுகோலில் சிலிக்கான் கார்பைடும் காலியம் நைட்ரைடும் வெகுதூரம் முன்னால் நிற்கின்றன. சிலிக்கானைப் போலப் பத்து மடங்கு மின்புலத்தைத் தாங்கும் சிலிக்கான் கார்பைடை டெஸ்லா தன் மாடல் 3 காரின் இன்வெர்ட்டரில் போட்ட பிறகுதான் உலகக் கார் கம்பெனிகள் எல்லாம் அதன் பின்னால் ஓடின.

நம் ஸ்கூட்டருக்கு அந்த விலையுயர்ந்த சில்லு இப்போதைக்குத் தேவையில்லை. குறைந்த வோல்ட், அதிகக் கரண்ட், வெயில், புழுதி, மழைநீர், லட்சத்தைத் தாண்டினால் வாங்கத் தயங்கும் வாடிக்கையாளர் என்று நம் சிக்கலே தனி. அமெரிக்கப் பாடப்புத்தகங்களில் இதற்கு விடை எழுதி வைத்திருக்க மாட்டார்கள். கார் பற்றியும் காற்றாலை பற்றியும் அவற்றில் அத்தியாயம் அத்தியாயமாக இருக்கும். இரண்டு பேரோடு ஒரு எரிவாயு சிலிண்டரையும் ஏற்றிக்கொண்டு போகும் ஸ்கூட்டர் அவற்றில் கிடையாது. இந்த ஆராய்ச்சியை நாம் செய்தால்தான் உண்டு. செய்வதற்கு உகந்த இடம், வண்டி செய்கிற இடம்.

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலை 44-ல் சூளகிரி வழியாக ஐம்பது கிலோமீட்டர் இறங்கினால் கிருஷ்ணகிரி. உயரம் சுமார் 400 மீட்டர் குறைந்துவிடும். ஆளும் வண்டியும் சேர்ந்து 190 கிலோ என்றால் இந்த இறக்கத்தில் சுமார் 0.2 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் இருக்கிறது. 3 யூனிட் பேட்டரியில் அது சின்னத் தொகை இல்லை. அதில் எவ்வளவைத் திரும்ப பேட்டரிக்கு ஏற்ற முடியும்? மலைக்காற்றில் பாஸான கன்ட்ரோலர் மே மாத வேலூரில் 42 டிகிரியில் என்ன ஆகும்? கெபாசிட்டரின் வெப்பம் பத்து டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது துறையில் எல்லோரும் சொல்லும் கணக்கு. இந்த ஒரு சாலையில் மட்டும் பத்து எம்.இ. ப்ராஜெக்ட்டுக்கான விஷயம் கிடக்கிறது.

“எம்.இ. படிச்சா வாத்தியார் வேலைதானே?”

ஊரில் இந்தக் கேள்வி இன்னும் ஓயவில்லை. அதற்குக் காரணமும் உண்டு. பொறியியல் கல்லூரிகள் புற்றீசலாகப் பெருகிய காலத்தில் விரிவுரையாளர் ஆக எம்.இ. வேண்டும் என்ற விதிதான் எம்.இ. சீட்டுகளை நிரப்பியது. கல்லூரிகள் மூடத் தொடங்கியதும் அந்தத் தேவை வற்றியது. எம்.இ. இடங்கள் வருடா வருடம் காலியாகக் கிடக்கின்றன, பல கல்லூரிகள் பிரிவையே இழுத்து மூடிவிட்டன. நடந்த படிப்பிலும் ஒரு நோய் புகுந்தது. நான்காவது செமஸ்டர் ப்ராஜெக்ட்டுக்கு ஒரு பேஸ் பேப்பரை எடுத்துக்கொண்டு நகரத்தின் ப்ராஜெக்ட் சென்டருக்குப் போவது, அவர்கள் தரும் சிமுலேஷனை லேப்டாப்பில் ஓட்டிக் காட்டுவது, பைண்ட் செய்த ரிப்போர்ட்டோடு வைவா முடிப்பது. சிமுலேஷனில் சுவிட்ச் சூடாகாது. செம்புக்கு நீளம் கிடையாது. எதுவும் கருகாது. அப்படிப் படித்து வந்த பிள்ளையை வேலைக்கு எடுத்த கம்பெனி, போர்டைக் கையில் கொடுத்ததும் திகைக்கிறது. பிறகு எம்.இ.க்கு மதிப்பில்லை என்று ஊர் முடிவு கட்டுகிறது. அந்த மாணவரை நான் குறை சொல்ல மாட்டேன். கருக்கிப் பார்க்க ஒரு மாஸ்ஃபெட்கூட வாங்கித் தராத கல்லூரி அவரிடமிருந்து வேறு என்ன எதிர்பார்க்கலாம்?

கீழ்ப்படிகளை அரசு கட்டியிருக்கிறது. டாடா டெக்னாலஜீஸோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் 71 அரசு ஐ.டி.ஐ.க்களில் நவீனக் கூடங்கள் வந்தன. 2022-ல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் கல்லூரி மாணவர்களுக்குத் தொழில்திறன் பயிற்சி கிடைக்கிறது. 2023-ல் வந்த திருத்திய மின்வாகனக் கொள்கை 50,000 கோடி ரூபாய் முதலீட்டையும் ஒன்றரை லட்சம் வேலைகளையும் இலக்காக வைத்தது. எல்லாம் நல்ல காரியங்கள். ஆனால் ஆலை சலுகையைத் தேடிப் போகும். ஏதர் தன் மூன்றாவது ஆலைக்கு மகாராஷ்டிரத்தின் சத்ரபதி சம்பாஜிநகரைத் தேர்ந்தெடுத்ததாக 2024-ல் அறிவித்தது. வியாபாரத்தில் அது இயல்பு, அதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அசெம்பிளி லைனைக் கழற்றி வேறு மாநிலத்தில் மாட்டலாம். முப்பது வருடம் ஒரே சிக்கலைத் தோண்டிய ஒரு லேபையும் அதன் மாணவர் பரம்பரையையும் அப்படிக் கழற்றிக்கொண்டு போக முடியாது.

இந்த மாவட்டத்துப் பெண்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஓலா 2021 செப்டம்பரில், தன் ஆலையை முழுக்கப் பெண்களே நடத்துவார்கள், பத்தாயிரம் பேர் வரை வேலை செய்வார்கள் என்று அறிவித்தது. டாடா எலக்ட்ரானிக்ஸும் ஓசூர் அருகே பெண்களைப் பெருமளவில் வேலைக்கு எடுத்தது. ஷிப்ட் மாறும் நேரத்தில் ஓசூர் பக்கம் நின்றால், அடையாள அட்டை தொங்கும் இளம்பெண்கள் வரிசை வரிசையாகக் கம்பெனி பஸ்களிலிருந்து இறங்குவதைப் பார்க்கலாம். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் பெண் சிசுக்கொலை பற்றி நாம் முன்பு படித்த செய்திகளை நினைத்தால் அந்தக் காட்சி நெஞ்சை நிறைக்கும். அவர்களில் டிப்ளமோ முடித்தவர்கள் இருக்கிறார்கள், பி.இ. முடித்தவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு லைனில் நின்று திருகு முடுக்குவதற்கு மேலே அடுத்த படி எது? சம்பளத்தை விட்டுவிட்டு இரண்டு வருடம் சென்னையில் தங்கிப் படி என்றால் அவள் வீட்டில் நடக்கிற காரியமா? வேலையில் இருந்தபடியே மாலையில் படிக்கும் எம்.இ. தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. அண்ணா பல்கலைக்கழகம் கிண்டியில் பகுதிநேர எம்.இ. நடத்துகிறது. சென்னை ஐ.ஐ.டி. வேலையில் இருப்பவர்களுக்காக இணைய வழியில் ஈ-மொபிலிட்டி எம்.டெக். கொண்டுவந்திருக்கிறது. இணையத்தில் பாடம் கேட்கலாம். டபுள் பல்ஸ் டெஸ்டை மேசையில்தான் செய்ய முடியும்.

பர்கூரில் இருக்கிறது இடம்

அரசுக்குப் புதிதாக நிலம் தேட வேண்டிய அவசியமில்லை. பர்கூரில் 1994 முதல் அரசு பொறியியல் கல்லூரி இயங்குகிறது. போச்சம்பள்ளியும் கிருஷ்ணகிரியும் பக்கம். ஓசூரில் எண்பதுகளிலிருந்து நடக்கும் அதியமான் பொறியியல் கல்லூரி இருக்கிறது. இவற்றில் ஒன்றில், அல்லது இரண்டையும் இணைத்து, மாவட்டத்து ஆலைகளின் சிக்கல்களையே ப்ராஜெக்ட்டாக எடுக்கும் ஒரு பவர் எலக்ட்ரானிக்ஸ் கூடத்தை எழுப்பலாம். நல்ல ஆசிலோஸ்கோப்புகள், டைனமோமீட்டர், வெப்ப அறை, கருகினால் கேள்வி கேட்காமல் மாற்றித் தரும் உதிரிபாக அலமாரி. முப்பது மாணவர்களுக்கான கூடம் ஒரு பெரிய ஆலையின் செலவில் கணக்கில் வராத தொகை. ஆலைகளில் பத்து வருடம் கன்ட்ரோலர் செய்த பொறியாளர்களை மாலை நேர ஆசிரியர்களாக அழைக்க விதியில் இடம் வேண்டும். ஆராய்ச்சிக் கட்டுரை எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல் அவர்களின் கைவேலையை மதிக்கும் மனமும் வேண்டும்.

இதை அவசரம் என்று சொல்ல எனக்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, உயிர். 2022 மார்ச்சில் வேலூரில் ஒரு வீட்டில் சார்ஜில் இருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் சிக்கிய அப்பாவும் மகளும் இறந்துபோனார்கள். அந்தக் கோடையில் நாடெங்கும் இப்படித் தீ விபத்துகள் நடந்தன. மத்திய அரசு பேட்டரிப் பாதுகாப்புக்கான ஏ.ஐ.எஸ். 156 விதிகளைக் கடுமையாக்கி, 2022 டிசம்பர் முதல் தேதியிலிருந்தும் 2023 மார்ச் கடைசியிலிருந்தும் இரு கட்டமாக நடைமுறைப்படுத்தியது. விதி காகிதத்தில் இருக்கும். எப்போது சார்ஜை நிறுத்த வேண்டும், எந்த செல் சூடாகிறது, எந்தக் கணத்தில் இணைப்பைத் துண்டிக்க வேண்டும் என்று போர்டில் அதைச் செய்து காட்டுவது இந்தப் படிப்பைப் படித்தவர்கள். வேலூர் இங்கிருந்து தூரமில்லை.

இரண்டாவது, காந்தம். நம் ஸ்கூட்டர் மோட்டார்களில் இருக்கும் வலிமையான காந்தங்கள் அருமண் தனிமங்களால் ஆனவை. உலக உற்பத்தியில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு சீனாவின் கையில். 2025 ஏப்ரலில் சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு கொண்டுவந்ததும் இந்திய வாகன ஆலைகள் காந்தத்துக்குத் தவித்தன. அருமண் இல்லாத ஃபெரைட் காந்த மோட்டாரும், காந்தமே இல்லாத ரிலக்டன்ஸ் மோட்டாரும் வழி காட்டுகின்றன. ஆனால் ரிலக்டன்ஸ் மோட்டார்கள் அடங்காதவை. அதிர்வும் சத்தமும் அதிகம். அவற்றை அடக்கி ஓட்டும் சாமர்த்தியம் முழுக்க அந்த ஆறு சுவிட்சுகளின் கணக்கில் இருக்கிறது. இரும்பும் செம்பும் நம்மிடம் உண்டு. கணக்குப் போடும் ஆட்களைத்தான் உருவாக்க வேண்டும்.

இந்த வருடம் விண்ணப்பிக்க நினைக்கும் ஓசூர், கிருஷ்ணகிரி பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் எம்.இ. சேர அண்ணா பல்கலைக்கழகம் 2023 முதல் சீட்டா பி.ஜி. தேர்வை நடத்துகிறது, கேட் மதிப்பெண்ணும் செல்லும். கேட் தேர்ச்சியோடு அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் முழுநேரமாகச் சேர்ந்தால் ஏ.ஐ.சி.டி.இ. மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை தருகிறது. பி.இ. மூன்றாம் வருடத்திலேயே கேட்டுக்குப் படிக்கத் தொடங்கினால் வீட்டுக்குப் பாரமில்லாமல் படித்துவிடலாம். கிண்டி, திருச்சி என்.ஐ.டி., கோவை பி.எஸ்.ஜி., பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் எல்லாமே எட்டுகிற தூரம்தான். சேரும் முன் ஒரு நாள் அந்தக் கல்லூரி லேபுக்குப் போய்ப் பாருங்கள். சுவரில் ஒட்டிய போஸ்டரைப் பார்க்க வேண்டாம். போன வருட மாணவர் கையால் செய்த போர்டு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். ஆசிலோஸ்கோப்பைப் பூட்டி வைத்திருக்கிறார்களா, மாலை ஆறு மணிக்கு மேல் லேப் திறந்திருக்குமா, கருகிய மாஸ்ஃபெட்டுக்கு யார் பணம் கட்டுவது என்று கூச்சப்படாமல் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு “துறையே கட்டும்” என்று பதில் வந்தால், அங்கே சேரலாம்.